ஒரு பாட்டோடு நின்றவர்கள்: காரைக்குடிப் பழைய இசைத்தட்டுகளில் தேடுவது, கழுவுவது, பதிவது

பாப் இசையில் ஒரே ஒரு பாட்டால் ஊரையே ஆட்டி வைத்துவிட்டு, அடுத்த தட்டிலேயே ஆள் தெரியாமல் போனவர்கள் ஏராளம். அந்த ஒரு பாட்டைக் கேட்கத் தட்டு வாங்க வேண்டியதில்லை, கைப்பேசியிலேயே இருக்கிறது. அங்கே பெரும்பாலும் கிடைக்காதவை இரண்டு: வெற்றிப் பாட்டின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு, அதற்குப் பிறகு போட்டு விலை போகாத தட்டு. ஒருவர் ஏன் ஒரு பாட்டோடு நின்றார் என்பது இந்த இரண்டையும் கேட்டால்தான் பிடிபடும். ஆகவே வெற்றித் தட்டுக்காக அலைய வேண்டாம். அது லட்சக்கணக்கில் அடித்த சரக்கு, இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் கிடைக்கும். அதே பெயரில், கேள்வியே படாத பாட்டோடு ஒரு தட்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

செட்டிநாடு இதற்குத் தோதான இடம். பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போன குடும்பங்களின் சாமான்களோடு அந்தந்த ஊர்த் தட்டுகளும் வந்து சேர்ந்தன. பங்காளிகள் பிரித்துக்கொண்டு வீடு கைமாறும்போது பெட்டகமும் கண்ணாடிப் படமும் முதலில் விலை போகும். பாட்டுத் தட்டு கடைசியில் மூட்டையாக வெளியே வரும்.

முதலில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஒருவரை ‘ஒரே பாட்டுக்காரர்’ என்று எழுதி வைப்பதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: எந்த நாட்டில், எந்தப் பட்டியலில், எத்தனையாவது இடம் வரை? அமெரிக்காவுக்கு பில்போர்டு இதழின் ‘ஹாட் 100’ பட்டியல் இருக்கிறது, 1958 ஆகஸ்ட் 4 முதல். பிரிட்டனில் விற்பனைப் பட்டியல் 1952 நவம்பரில் தொடங்கியது. முதல் 40 இடத்துக்குள் ஒரே ஒரு முறை வந்தவர் என்பதுதான் சேகரிப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. இந்த அளவை இடையில் மாற்றினால் உங்கள் பட்டியல் முழுவதும் ஆட்டம் காணும்.

அப்பழுக்கில்லாத உதாரணம் சாகர் – எவன்ஸ் இரட்டையர். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரத்துக்காரர்கள். ‘இன் த இயர் 2525’ என்ற பாட்டு 1969-இல் அமெரிக்காவில் 6 வாரமும் பிரிட்டனில் 3 வாரமும் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வரவே இல்லை. இந்தப் பாட்டு முதலில் ‘ட்ரூத்’ என்ற சின்ன லேபிளில், அதாவது சின்னத் தட்டுக் கம்பெனியில் வந்து, பிறகுதான் ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனி எடுத்து உலகமெங்கும் அடித்தது. ஆர்.சி.ஏ. தட்டு எங்கும் கிடைக்கும், ட்ரூத் தட்டு அபூர்வம். உள்ளூர்ச் சின்ன லேபிளில் முதலில் வந்து பெரிய கம்பெனிக்குக் கைமாறிய பாட்டுகளுக்கெல்லாம் இதே கதைதான்.

40 என்ற கோடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு உதாரணம் நார்மன் கிரீன்பாம். 1970-இல் ‘ஸ்பிரிட் இன் த ஸ்கை’ அமெரிக்காவில் 3-ஆம் இடம். அடுத்து வந்த ‘கேன்டு ஹாம்’ 46-ஆம் இடத்தோடு நின்றது. கோட்டை 50-க்கு நகர்த்தினால் அவர் உங்கள் பட்டியலில் இருக்க முடியாது.

கார்ல் டக்ளஸ் இன்னும் சிக்கல். 1974-இல் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ இரண்டு நாட்டிலும் முதலிடம். அமெரிக்க முதல் 40-இல் அவருக்கு அது ஒன்றுதான், அடுத்தது 48-இல் நின்றது. பிரிட்டனிலோ அதே அடுத்த பாட்டு 35-ஆம் இடம், 1977-இல் இன்னொன்று 25-ஆம் இடம். ஒரே ஆள், அமெரிக்கக் கணக்கில் ஒரு பாட்டுக்காரர், பிரிட்டன் கணக்கில் மூன்று பாட்டுக்காரர். அந்தத் தட்டைத் தயாரித்தவர் பெங்களூரில் பிறந்து லண்டன் போன பிட்டு. பின்பக்கத்துக்கென்று ஸ்டூடியோ நேரம் முடியப் போகும்போது அவசரமாகப் பதிந்த பாட்டு அது. முன்பக்கத்துக்கு அவர்கள் நினைத்திருந்த பாட்டை இன்று தேடிக் கேட்பவர் இல்லை. கையில் தட்டு கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் பதிய வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இதே ரீதியில் ‘கம் ஆன் ஐலீன்’ பாடிய டெக்ஸிஸ் குழுவினர் அமெரிக்காவில் மட்டும்தான் ஒரே பாட்டுக்காரர்கள். பிரிட்டனில் 1980-லேயே வேறொரு பாட்டுக்கு முதலிடம் வாங்கியவர்கள். ஜப்பானின் கியூ சகாமோட்டோ ‘சுகியாகி’ பாட்டால் 1963-இல் அமெரிக்காவில் 3 வாரம் முதலிடத்தில் இருந்தார். அங்கே அடுத்தது 58-ஆம் இடம், சொந்த நாட்டில் அவர் நட்சத்திரம். உச்சக்கட்டக் கூத்து உலகப் புகழ் கிட்டார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்: அமெரிக்க முதல் 40-இல் அவருக்கு இருந்தது ஒரே பாட்டு, 1968-இல் 20-ஆம் இடம். கோட்டின்படி அவரும் ஒரே பாட்டுக்காரர்தான். அவரைப் பட்டியலில் வைப்பதும் நீக்குவதும் உங்கள் விருப்பம், ஆனால் ஏன் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தமிழுக்கு இந்த அளவுகோல் நேராகப் பொருந்தாது. இங்கே பாட்டு படத்தோடு பிறந்தது. வெற்றியை இசையமைப்பாளர், நடிகர், பாடகர் என்று பல பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். பில்போர்டு மாதிரி வாராவாரம் விற்பனைப் பட்டியல் எதுவும் இங்கே ஊன்றவில்லை. ஆகவே தமிழ்த் தட்டுகளுக்குத் தனி நோட்டு போடுங்கள், ‘ஒரு பாட்டால் நினைவில் நிற்கும் குரல்’ என்று தலைப்பிடுங்கள். அதிலும் நாட்டைக் குறிக்க வேண்டும். ஏ.ஈ. மனோகரனை இந்தப் பக்கம் ‘சுராங்கனி’ ஒன்றை வைத்தே சொல்வோம். இலங்கையில் அவர் பல பாப் பாட்டு பாடிய ஆள்.

பழைய 78 தட்டுகளில் (நிமிடத்துக்கு 78 முறை சுற்றுபவை) நடுவே ஒட்டிய லேபிளில் இருக்கும் பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. 1949-இல் வந்த ‘மஹல்’ இந்திப் படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’ தட்டில் முதலில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்றுதான் இருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர், பாடியது லதா மங்கேஷ்கர். கேள்விப்படாத பெயர் என்றதும் ஒரே பாட்டுக்காரர் என்று முடிவு கட்டினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

எங்கே, எது கிடைக்கும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். தட்டுகள் வாசலில் இருக்காது. உள்ளே பீங்கான் சாமான், எனாமல் தூக்குகளுக்குப் பின்னால் மரப்பெட்டியிலோ சாக்கிலோ கிடக்கும். கேட்டால்தான் எடுத்துப் போடுவார்கள். ‘பாட்டு பிளேட்’ என்றோ ‘கிராமபோன் தட்டு’ என்றோ கேளுங்கள்.

இரண்டாவது இடம், கல்யாணத்துக்கும் குடமுழுக்குக்கும் குழாய் கட்டிய பழைய மைக்செட் கடைகள். கேசட் வருவதற்கு முன் அவர்களிடம் 45 வேகச் சின்னத் தட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பாட்டு வகை பிரமாதமாக இருக்கும், நிலைமை மோசமாக இருக்கும். கனமான கையும் தேய்ந்த முள்ளும் வைத்துப் பந்தலில் புழுதியோடு ஓட்டியவை அவை. வீட்டுத் தட்டு தேய்ந்தாலும் ஒரு பாட்டில் தேய்ந்திருக்கும், மைக்செட் தட்டு எல்லாப் பாட்டிலும் தேய்ந்திருக்கும்.

கையில் வருபவை பொதுவாக மூன்று வகை. அரக்கில் செய்த 78 வேகத் தட்டு, 10 அங்குலம், ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். அதில் ஓடியன் லேபிள் இந்தப் பக்கம் நிறைய வருவதில் ஆச்சரியமில்லை: காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் ஸ்டூடியோ கட்டுவதற்கு முன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக விற்றது ஓடியன் தட்டுகளைத்தான். இரண்டாவது வகை, 45 வேகத்தில் ஓடும் 7 அங்குல வினைல் (பிளாஸ்டிக்) தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டோ இரண்டு பாட்டோ இருக்கும். மூன்றாவது பக்கத்துக்குப் பல பாட்டு உள்ள பெரிய தட்டு, 33⅓ வேக எல்.பி. தேடலுக்கு முக்கியம் இரண்டாவது வகைதான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த 7 அங்குலத் தட்டுகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 1960-களின் நடுவில் அங்கே ‘பாப் யே-யே’ என்று மலாய் மொழியில் கிட்டார்க் குழுக்கள் புற்றீசலாகக் கிளம்பின. பல குழுக்கள் ஓரிரு தட்டோடு கலைந்தன. லேபிளில் மலாய்ப் பெயர் இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

78 என்றாலே 1930-களுடையது என்று கடைக்காரர் சொல்வார். இந்தியாவில் 1960-களின் நடுவிலும் 78 அடித்துக்கொண்டிருந்தார்கள், பீட்டில்ஸ் பாட்டே இங்கே 78-ஆக வந்தது. வயதை வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கைப்பேசி டார்ச்சைத் தட்டுக்கு நேர் மேலே பிடிக்காதீர்கள். பக்கவாட்டில், தட்டின் தளத்தை ஒட்டினாற்போல் பிடித்து, தட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல வரி (முள் ஓடும் பள்ளம்) கறுப்பாகவே இருந்து வெளிச்சக் கோட்டை மட்டும் காட்டும். தேய்ந்த வரி சாம்பல் பூத்து, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மங்கும். பக்கத்துக்கு இரண்டு பாட்டு உள்ள தட்டில் இந்தச் சோதனை வேடிக்கையான விஷயத்தைக் காட்டும். வெளிப்பாட்டு பளபளவென்று இருக்கும், உள்பாட்டு மட்டும் ஓரம் முதல் ஓரம் வரை சாம்பலாக இருக்கும். அந்த வீட்டார் முள்ளைத் தூக்கித் தூக்கி அந்த ஒரு பாட்டிலேயே வைத்திருக்கிறார்கள். வைக்கும் இடத்தில், பாட்டு தொடங்கும் முதல் இரண்டு மூன்று வரியில், குறுக்கே சின்னச் சின்னக் கீறல் கொத்தாகத் தெரியும். தமிழ்த் தட்டுகளுக்கு விற்பனைப் பட்டியல் இல்லாத குறையை இது ஓரளவு தீர்க்கும். எந்தப் பாட்டு சாம்பல் என்று ஒவ்வொரு தட்டுக்கும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே படத்துத் தட்டு நாலைந்து வீட்டிலிருந்து வந்து, எல்லாவற்றிலும் ஒரே பாட்டு சாம்பலாக இருந்தால் அதுதான் அந்த வட்டாரத்தின் வெற்றிப் பாட்டு. கெட்ட செய்தி என்னவென்றால், நீங்கள் கேட்க விரும்பும் பாட்டே எப்போதும் தேய்ந்திருக்கும். நல்ல செய்தி, யாரும் கேட்காத பின்பக்கம் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும்.

78 தட்டை நடு ஓட்டையில் ஒரு விரல் விட்டுத் தூக்கிப் பிடித்து, ஓரத்தை விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். ‘கிண்’ என்று நின்று ஒலித்தால் முழுத் தட்டு. விரிசல் விட்ட மண்பானையைத் தட்டினாற்போல் கரகரத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

தட்டு அளவுக்கு மீறி மினுங்கினால் சந்தேகப்படுங்கள். விற்பதற்காக எண்ணெய் தடவியிருக்கலாம். விரல் நுனியை ஓரத்தில் வைத்து எடுத்தால் பிசுக்கு ஒட்டும். கழுவினால் போகும், ஆனால் அதற்குள் எண்ணெயில் சிக்கிய புழுதி வரிக்குள் அரைபட்டிருக்கும்.

வளைவைப் பார்க்க, கடையிலேயே ஒரு கண்ணாடி மேசை இருந்தால் அதன்மேல் வைத்து ஓரத்தில் நாணயம் நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் அளவுக்கு வளைவு இருந்தால் ஓட்டிவிடலாம், அதற்கு மேல் போனால் முள் குதிக்கும்.

பிறகு எழுத்து. லேபிளில் உள்ள பட்டியல் எண், பக்கம், வேகம் மூன்றையும் படமெடுங்கள். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே வழுவழுப்பான வளையத்தில் அச்சாகவோ கீறியோ ஒரு எண் இருக்கும். அது அச்சின் எண். ஒரே பட்டியல் எண்ணில் இரண்டு தடவை அடித்திருந்தால் இந்த எண்தான் காட்டிக் கொடுக்கும். வட்டத்துக்குள் ‘பி’ எழுத்துப் போட்டு ஒரு ஆண்டு இருந்தால் அது ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு, உங்கள் கையில் உள்ள தட்டை அடித்த ஆண்டாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நடு ஓட்டை பெரிதாக, சுமார் 38 மி.மீ. இருந்தால் அமெரிக்க வகை 45. அதற்குப் பிளாஸ்டிக் அடாப்டர் வேண்டும், இல்லாமல் கண்மட்டத்தில் வைத்து ஓட்டினால் சுருதி அலைபாயும்.

பேரம் பேசும்போது ஒரு தட்டைத் தனியாக எடுத்துக் காட்டாதீர்கள். மொத்தமாக ஒரு அடுக்குக்கு விலை கேளுங்கள். வேண்டியதை விரலால் சுட்டிய நொடியே அதற்குத் தனி விலை வந்துவிடும்.

கழுவுதல்: இரண்டு வகைக்கு இரண்டு கலவை

இதில்தான் அதிகம் பேர் தட்டை நாசம் செய்கிறார்கள். அரக்கு சாராயத்தில் கரையும். வினைலுக்குச் சொல்லும் ஆல்கஹால் கலவையை 78 தட்டில் தடவினால் துணியில் கறுப்பு வரும், அது அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள். வருவது பாட்டு.

78 தட்டுக்கு:
– காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர்
– குழந்தைகளுக்கான ஷாம்பூ 3 சொட்டு. அவ்வளவுதான்.

45 மற்றும் எல்.பி. வினைலுக்கு:
– காய்ச்சி வடித்த நீர் 750 மி.லி.
– ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 250 மி.லி. (செல்போன் பழுது பார்க்கும் கடையில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் கிடைக்கும்)
– நிறமும் வாசனையும் இல்லாத பாத்திரம் துலக்கும் திரவம் 3 சொட்டு

கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் கூடாது. இந்தப் பக்கத்து நீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் வரிக்குள் வெண்படலமாக நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் நீரை 5 லிட்டர் கேனாக வாங்கினால் போதும். பேட்டரி ஆசிட் கேனை எடுத்து வந்துவிடாதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும்.

முதலில் உலர்ந்த மென்தூரிகையால் புழுதியைத் தள்ளுங்கள். ஈரம் பட்டால் புழுதி சேறாகும். பூஞ்சை வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு முற்றத்தில் வைத்து இதைச் செய்யுங்கள். லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மூடிக்கொண்டு, கலவையைத் தட்டின் மேல் நேரடியாக ஊற்றாமல் வெல்வெட் துணியிலோ மைக்ரோஃபைபர் துணியிலோ நனைத்து, வரி போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் அது ‘டக் டக்’ என்று கடைசி வரை கேட்கும். அழுத்தம் வேண்டாம். முன்னால் மூன்று சுற்று, பின்னால் மூன்று சுற்று. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த வேறு துணியால் சோப்பை எடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டவர்களுக்கு முள்ளின் நுனியில் வெள்ளைக் கட்டி சேரும்.

78 தட்டை ஊற வைக்கவே கூடாது. அரக்குக்குள் கலந்திருக்கும் பொடியும் பஞ்சிழையும் நீரை இழுத்து ஊதும். ஓரத்தில் சிறு கீறல் இருந்தால் அது வழியாக நீர் உள்ளே போய்த் தோல் உரியும். துடைத்த உடனே உலர்துணியால் ஒற்றி, பாத்திரம் கவிழ்க்கும் கம்பி ஸ்டாண்டில் நிற்க வைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் விடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம்.

வெயிலுக்கு வேலை இருக்கும் ஒரே இடம் வளைந்த 78 தட்டை நிமிர்த்துவது. 5 மி.மீ. தடிமனில் இரண்டு கண்ணாடிப் பலகை, தட்டைவிடப் பெரிதாக. கழுவி உலர்ந்த தட்டை இரண்டுக்கும் நடுவே வைத்து, காலை வெயிலில் முற்றத்தில் 20 நிமிடம் வையுங்கள். அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு தளர்ந்து கண்ணாடியோடு படிந்ததும் அப்படியே தூக்கி நிழலில் வைத்து, மேலே நாலைந்து தடித்த புத்தகம் ஏற்றி, முழுக்கக் குளிர்ந்த பிறகு எடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்தால் முன்னைவிட மோசமாக வளையும். சித்திரை வெயிலில் இதைச் செய்ய நினைக்காதீர்கள். வினைலுக்கு இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம், வரியே உருகி மழுங்கிவிடும்.

முள், எடை, வேகம்

78-இன் வரி அகலம், வினைலின் வரி நூலிழை. 78-க்கு வேண்டிய முள்நுனி 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான். வினைலுக்கு 0.7 முதல் 1 மில். வினைல் முள்ளை 78-இல் வைத்தால் அது வரியின் அடியில் போய் உட்கார்ந்து புழுதியைத்தான் வாசிக்கும், இரைச்சல் அதனால்தான். 78 முள்ளை வினைலில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் தட்டு போச்சு. முள்ளைக் கழற்றி மாட்டக்கூடிய கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் தலை) வாங்கி, இரண்டு முள்ளையும் தனித்தனி டப்பியில் பெயர் எழுதி வையுங்கள். எடை 78-க்கு 3 முதல் 5 கிராம். வினைலுக்கு அந்தக் கார்ட்ரிட்ஜின் தாளில் சொன்ன எடை, பெரும்பாலும் 1.5 முதல் 3 கிராம். எடை கூடினால் தட்டு தேயும் என்று எல்லோருக்கும் தெரியும். எடை குறைந்தாலும் தேயும் என்பது தெரியாது: முள் வரியில் நிலையாக உட்காராமல் சுவரில் மோதிக்கொண்டே போகும்.

சாவி கொடுக்கும் கிராமபோன் வீட்டில் இருந்தால் அதில் 78 மட்டும் ஓட்டலாம், இரும்பு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே. அரக்கில் கலந்த பொடி முள்ளை அரைத்துத் தனக்கேற்றபடி வடிவாக்கிக்கொள்ளும். அரைபட்ட முள்ளை அடுத்த தட்டில் வைத்தால் அது உளி. அபூர்வத் தட்டை அதில் போட்டுக் காட்ட ஆசைப்படாதீர்கள்.

வேகத்தைச் சோதிக்கக் கோடு போட்ட வட்டத் தாள் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அதற்கு 78 வேகத்துக்கு 77 கோடு, 45-க்கு 133 கோடு, 33⅓-க்கு 180 கோடு உள்ள தாள் வேண்டும். இணையத்தில் கிடைப்பவற்றில் பாதி அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கானவை, கோட்டை எண்ணிப் பார்த்து அச்சிடுங்கள். கோடு நின்றாற்போல் தெரிந்தால் வேகம் சரி. நல்ல எல்.இ.டி. விளக்கின் கீழே இது வேலை செய்யாது, துடிப்பே இருக்காது. பழைய நியான் இண்டிகேட்டர் விளக்கு அல்லது சோக் வைத்த டியூப்லைட் வேண்டும்.

கணினியில் ஏற்றுதல்

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், போதுமானது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. 78 தட்டில் பாட்டையே மைனஸ் 12 அளவில் வையுங்கள், கீறல் ஒலி துள்ளும்போது இடம் வேண்டும். முள் இறங்கும் முன்னிருந்தே பதிவை ஓடவிட்டு, கடைசிச் சுழல்வரி வரை விடுங்கள். பாட்டுக்கு முன் உள்ள வெற்று வரியின் இரைச்சல் பின்னால் தேவைப்படும்.

பிளேயரில் 78 இல்லை என்றால் 45-இல் ஓட்டிப் பதிந்து, மென்பொருளில் வேகத்தை 73.33 சதவீதம் கூட்டலாம். 33⅓-இல் பதிந்திருந்தால் 134 சதவீதம். வரிசை முக்கியம். மின்சார உறுமல் 50 ஹெர்ட்ஸில் இருப்பது வேகத்தைக் கூட்டியபின் சுமார் 87 ஹெர்ட்ஸுக்கு ஏறி, ஆண் குரலின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே உறுமலை முதலில் வெட்டி, வேகத்தைப் பிறகு மாற்றுங்கள்.

ஒற்றைத் தட (மோனோ) தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில்தான் ஓட்டுவோம். இரண்டு தடம் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் முள் மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் கழிந்துபோகும், பாட்டு நிற்கும். ஆனால் சேர்க்கும் முன் இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். மைக்செட் தட்டுகளில் வரியின் ஒரு சுவர் மட்டும் மோசமாகத் தேய்ந்திருப்பது சகஜம். அப்போது நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், சேர்த்தால் நல்லதும் கெடும்.

கீறல் ஒலியை முதலில் எடுக்க வேண்டும், இரைச்சலைப் பிறகு. மாற்றிச் செய்தால் ஒவ்வொரு ‘டக்’கும் பூசி மெழுகியதுபோல் அகன்று, பிறகு எந்தக் கருவிக்கும் அகப்படாது. ‘கிளிக் ரிமூவல்’ கருவியில் தொடக்க அளவான 200, 20 என்பதிலேயே ஒரு முறை ஓட்டி, ஒரு நிமிடம் கேளுங்கள். இலங்கையின் பைலா ஆட்டப்பாட்டிலும் 1960-களின் பாப் பாட்டிலும் கைத்தட்டும் பாங்கோ மேளமும் நிறைய வரும், கருவி அவற்றையும் கீறல் என்று எண்ணி நறுக்கிவிடும். தாளம் மழுங்கியது தெரிந்தால் திரும்ப வந்து, பெரிய கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்யுங்கள். 3 நிமிடப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும், ஆனால் ஆகட்டும்.

இரைச்சல் குறைக்க, தொடக்க வெற்று வரியிலிருந்து ஒன்றரை நொடி மாதிரி எடுங்கள், அதே பக்கத்திலிருந்து. 6 முதல் 8 டெசிபல் போதும். 12-ஐத் தாண்டினால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் மங்கி, பின்னணியில் கிணுகிணுப்பு கேட்கத் தொடங்கும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைப்பதே மேல்.

கை வைக்காத மூலப் பதிவைத் தனியாக, சுத்தம் செய்ததைத் தனியாக வையுங்கள். கோப்புப் பெயரில் பட்டியல் எண், பக்கம், பாடியவர், பாட்டு, ஆண்டு என்ற வரிசை. ஆண்டை முதலில் போட்டால், ஆண்டு தெரியாத தட்டுகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து, பிறகு யாரும் சீந்துவதில்லை.

இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால்: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் கணக்கு வேறு, அவர்கள் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஒலிப்பதிவு காலாவதியாகி, மெட்டு இன்னும் உரிமையில் இருப்பது சாதாரணம்.

அடுத்த தட்டைத் துரத்துவது

நோட்டில் ஒவ்வொரு ஒரே பாட்டுக்காரருக்கும் மூன்று வரி விடுங்கள்: வெற்றிப் பாட்டு, அதன் பின்பக்கம், அதற்கு அடுத்து வந்த தட்டு. மூன்றாவது வரி காலியாக இருக்கும் பெயர்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கடைக்குப் போனால் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தேட வேண்டும். சாகர் – எவன்ஸுக்கு மூன்றாவது வரியில் ‘மிஸ்டர் டர்ன்கீ’, கிரீன்பாமுக்கு ‘கேன்டு ஹாம்’, கார்ல் டக்ளஸுக்கு ‘டான்ஸ் த குங் ஃபூ’. இந்தக் கடைசிப் பெயரே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது: விற்ற சரக்கையே திரும்ப விற்கப் பார்த்திருக்கிறார்கள். கிரீன்பாம் கதை வேறு, அடுத்த பாட்டின் பெயரில் முதல் பாட்டின் சாயலே இல்லை. மூன்று பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து ஒரே கோப்புறையில் வைத்தால் இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும்.

பதிந்து முடித்த தட்டைப் பழைய உறையில் திரும்பப் போடாதீர்கள், அதில் இருக்கும் பூஞ்சை ஐப்பசி மழைக்குள் தட்டுக்கு வந்துவிடும். புது வெள்ளைத் தாள் உறை போட்டு, பழைய உறையைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், கடை முத்திரையும் ஊர்ப் பெயரும் அதில்தான் இருக்கும். தட்டுகளை நிமிர்த்தியே அடுக்க வேண்டும், சாய்ந்து நிற்காத அளவுக்கு நெருக்கமாக. ரசகற்பூர உருண்டை வேண்டாம், அதன் ஆவி தட்டின் மேல் படியும். அலமாரி சுவரைத் தொடாமல் நாலு விரற்கடை தள்ளியிருந்தால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.